வேர் என்ற சொல்லுக்கு உண்மையில் ஒத்த சொல் உண்டா?

வித்து:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தாவரச் சொற்கோவை ஒன்று தொகுத்து வருகிறேன். இலை, தண்டு, பூ, காய் எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன, "வேர்" என்ற பதிவில்தான் மூன்று வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன். பொருள் எழுதுவது எளிதாக இருக்கும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கையில் இருக்கும் அகராதிகளைப் புரட்டினால் வேருக்கு நேராகத் தூர், மூலம், முதல், அடி, விழுது, கிழங்கு என்று வரிசையாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவையெல்லாம் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் "மரத்தின் விழுது மண்ணில் இருந்து நீரை உறிஞ்சுகிறது" என்று ஒரு பிள்ளை எழுதினால் நான் சரி என்று போடுவதா, தவறு என்று போடுவதா?

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. சொல் எங்கிருந்து வந்தது, அதன் சரியான பொருள் என்ன, ஒத்த சொல் என்று எதைக் கொடுக்கலாம். தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள், அவசரமே இல்லை.

கார்முகில்:

தோற்றம் பற்றி நான் கேட்டது: வேறு வேறாகப் பிரிந்து போவதால் வேர். ஒரு மேடைப் பேச்சில் கேட்டேன், பொருத்தமாகத்தான் பட்டது. வேர்வையும் இதே சொல்தான் என்று அதே பேச்சில் சொன்னார்கள். வேர் நீரை இழுக்கிறது, உடம்பு நீரை விடுகிறது.

பழஞ்சொல்:

கார்முகில், கேட்க அழகாக இருப்பதால்தான் இப்படிப்பட்ட விளக்கங்கள் பரவுகின்றன. இரண்டும் நிற்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வித்து அவர்களுக்கும் பயன்படும்.

முதலில் வேர், வேறு. ஒன்றில் இடையின ர, மற்றதில் வல்லின ற. இன்று நம்மில் பலர் இரண்டையும் ஒரே மாதிரி ஒலிப்பதால் இது சின்ன வேறுபாடு போலத் தெரிகிறது. பழந்தமிழில் இவை முற்றிலும் வேறு ஒலிகள், ஒன்று மற்றொன்றாக எளிதில் மாறிவிடாது. மலையாளம் இன்றுவரை இந்தப் பிரிவைக் காத்து வைத்திருக்கிறது, அங்கே மரத்துக்கு இருப்பது "வேர்", மாறுபட்டதைச் சொல்வது "வேறே". தெலுங்கில் இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றாகிவிட்டதால் "வேரு" என்றால் வேரும்தான், தனி என்பதும்தான். அதைப் பார்த்து இரண்டும் ஒரே சொல் என்று நினைப்பது, அறுந்த இடத்தை விட்டுவிட்டு முடிச்சுப் போட்ட இடத்தைப் பார்த்து இது ஒரே கயிறு என்று சொல்வது போலத்தான்.

அடுத்தது வேர்வை. இது வியர்வையின் சுருக்கம். வியர், வெயர், வேர் என்று குறுகி வந்தது. தற்செயலாக மரத்தின் வேரோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். கன்னடத்தைப் பாருங்கள், அங்கே வேருக்குப் "பேரு" (முதல் எழுத்தைப் பஸ் என்பதில் வரும் ப போல ஒலிக்க வேண்டும்), வியர்வைக்குப் "பெவரு". இரண்டு சொற்களும் அங்கே ஒட்டவே இல்லை. ஒரே மூலத்தில் இருந்து வந்திருந்தால் இப்படி இரண்டாக நிற்கக் காரணமே கிடையாது.

இந்தக் குழப்பம் குறளைப் படிக்கும்போதும் இடறும். 487ஆம் குறளில் "புறம்வேரார்", "உள்வேர்ப்பர்" என்று வருகிறது. பகைவன் தவறு செய்த உடனே வெளியே சினம் காட்டாமல், காலம் வரும்வரை உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருப்பார்கள் அறிவுடையவர்கள் என்பது பொருள். இந்த வேர்ப்பு வியர்த்துப் புழுங்குவது. "உள்ளே வேர் விடுவார்கள்" என்று ஒருவர் விளக்கம் எழுதியதை நான் படித்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது. மரத்தின் வேர் தமிழில் பெயர்ச்சொல் மட்டும்தான். செடி "வேர்த்தது" என்று நாம் சொல்வதில்லை. வேர் விட்டது, வேர் பிடித்தது, வேரூன்றியது, வேர் பாய்ந்தது என்று இன்னொரு வினையைத் துணைக்குச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வித்து:

பழஞ்சொல் ஐயா, மிக்க நன்றி. அப்படியானால் அதன் உண்மையான மூலம் எது?

பழஞ்சொல்:

அதற்குக் கீழே தோண்ட முடியாது, அம்மா. தமிழ் வேர், மலையாளம் வேர், தெலுங்கு வேரு, கன்னடம் பேரு, துளு பேரு. எல்லாம் ஒரே சொல். கன்னடத்திலும் துளுவிலும் வ என்ற தொடக்கம் ப ஆவது தனிப்பட்ட விபத்து இல்லை, வேலி அங்கே பேலி, விரல் பெரளு, வெண்ணெய் பெண்ணெ. ஒழுங்கான மாற்றம் என்பதால் இது கடன் வாங்கிய சொல் இல்லை, எல்லா மொழிகளும் பிரிவதற்கு முன்பே இருந்த பொதுச்சொத்து என்று உறுதியாகச் சொல்லலாம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி (முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) இதைத் தனிப் பதிவாகவே நிறுத்துகிறது, வேறு எந்த வினையோடும் கட்டவில்லை. கை, கால், கண், வாய் போல வேரும் ஓர் அடிப்படைச் சொல். இப்படிப்பட்ட சொற்களுக்குக் காரணம் கற்பிக்காமல் இருப்பதுதான் நேர்மை. உங்கள் சொற்கோவையில் "பொதுத் திராவிடச் சொல்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

பசுங்கணு:

தாவரவியல் கற்பிக்கிறேன், பொருள் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் இல்லை, வேர் எல்லாம் மண்ணுக்குள் இருப்பதும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிய வைக்க எனக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு வகுப்பு தேவைப்படுகிறது. வேரா தண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணு இருக்கிறதா என்று பாருங்கள். வேரில் கணுவும் கிடையாது, கணுவிடையும் கிடையாது, இலையும் கிடையாது. நுனியில் வேர்மூடி இருக்கும், அதற்குச் சற்று மேலே வேர்த்தூவிகள் இருக்கும், நீரையும் உப்பையும் உறிஞ்சுவதில் பெரும்பங்கு இந்தத் தூவிகளுடையது. பக்கவேர் பிறப்பதும் கிளை பிறப்பது போல இல்லை. கிளை வெளியே இருக்கும் மொட்டில் இருந்து வருகிறது, பக்கவேர் உள்ளடுக்கில் தோன்றி மேல் அடுக்குகளைப் பிளந்துகொண்டு வருகிறது.

இந்த அளவுகோலை வைத்தால் உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. அதன் மேல் இருக்கும் "கண்கள்" மொட்டுகள். இஞ்சியும் மஞ்சளும் தண்டுதான், பாடநூலில் மட்டநிலத்தண்டு என்கிறோம். சேனை கந்தம், வெங்காயம் குமிழம், இவையும் தண்டின் வகைகள்தான். ஆனால் சர்க்கரைவள்ளி உண்மையான வேர், மரவள்ளியும் வேர், கேரட்டும் முள்ளங்கியும் ஆணிவேர்கள். பேச்சுத் தமிழ் இவற்றில் பாதிக்கு மேல் "கிழங்கு" என்று ஒரே கூடையில் போடுகிறது. அதனால் கிழங்கை வேருக்கு ஒத்த சொல் என்று தயவுசெய்து கொடுக்காதீர்கள். உணவைச் சேர்த்துப் பருத்தது எதுவானாலும் கிழங்கு, அது வேராகவும் இருக்கலாம், தண்டாகவும் இருக்கலாம்.

விழுது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆலின் விழுது வேர்தான், சந்தேகமே இல்லை. முளைவேரில் இருந்து வராமல் கிளையில் இருந்து வருவதால் வேற்றிட வேர், மரத்தைத் தாங்குவதால் தூண்வேர். மண்ணைத் தொட்ட பிறகு நீரும் உறிஞ்சும். ஆக அந்தப் பிள்ளை ஆலமரத்தைப் பற்றி எழுதியிருந்தால் சரி என்று போடுங்கள். வேப்பமரத்தைப் பற்றி எழுதியிருந்தால் தவறு.

ஏரடி:

நான் பயிர் வைக்கிறவன். ஆசிரியர் சொன்னதில் ஒன்றைக் கேட்க வேண்டும். நிலக்கடலையில் பூத்து முடிந்த பிறகு "விழுது இறங்குது" என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்த விழுது மண்ணுக்குள் போய்த்தான் காய் பிடிக்கிறது. அது வேரா?

பசுங்கணு:

அருமையான கேள்வி ஐயா. இல்லை, அது வேர் இல்லை. பூ கருவுற்ற பிறகு சூலகத்தின் அடிப்பகுதி காம்பு போல நீண்டு, சூலைத் தன் நுனியில் சுமந்துகொண்டு கீழே இறங்கி மண்ணுக்குள் நுழைகிறது. மண்ணுக்குள்ளே போன பிறகுதான் நுனி பருத்துக் காயாகிறது. மண்ணை நோக்கி வளர்வதில் வேரைப் போலவே நடந்துகொள்கிறது, ஆனால் பூவின் பகுதி. வேர்க்கடலை என்ற பெயரால்தான் பலரும் அது வேரில் காய்ப்பதாக நினைக்கிறார்கள். அந்தச் செடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், அவை வேர்முண்டுகள், உள்ளே நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. கடலைக்கும் வேருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

இருமொழியாள்:

வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். தெலுங்கில் அதற்கு "வேருசெனக", வேர் + கடலை, தமிழ்ப் பெயரின் அதே அமைப்பு. கன்னடத்தில் "நெலகடலெ" என்பது நிலக்கடலை. தென்னமெரிக்காவில் இருந்து வந்த பயிர், நம் மண்ணுக்குச் சில நூற்றாண்டுப் பழக்கம்தான். புதுப் பயிர் வந்ததும் பிடுங்கிப் பார்த்தவர்களில் சிலர் வேரைப் பார்த்தார்கள், சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். நிலக்கடலை என்று சொன்னவர்கள் கண்தான் சரியாகப் பார்த்திருக்கிறது.

பழஞ்சொல்:

ஏரடி ஐயா சொன்ன "விழுது இறங்குது" எனக்குப் பெரிய பொருளைத் திறந்து காட்டுகிறது. விழுது என்ற சொல்லின் பழைய வடிவம் வீழ். வீழ்வது வீழ். கீழ்நோக்கி இறங்குகிறது என்பது மட்டும்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது, வேர் என்ற கருத்தே அதற்குள் இல்லை. அதனால்தான் ஆலின் தூண்வேரையும் கடலையின் பூக்காம்பையும் ஒரே சொல்லால் அழைக்க முடிகிறது.

தொல்காப்பியத்தின் மரபியலில் மர உறுப்புகளின் பெயர்களை அடுக்கும் இடத்தில் இலை, தளிர், முறி, சினை, பூ, அரும்பு என்று போய், காய், பழம், தோல், செதிள் என்பவற்றோடு "வீழ்" என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். விழுதுக்குத் தனி உறுப்பு என்ற இடம் அங்கேயே கிடைத்துவிட்டது. புறநானூற்று 58ஆம் பாட்டிலும் இதே சொல். அடிமரம் அழிந்துபோன பின்னும் ஆலமரத்தை அதன் வீழ்கள் தாங்கி நிற்பது போல, முன்னோர் மறைந்த பின் தன் குடியைத் தளராமல் தாங்குகிறான் என்று பாண்டியனைக் காரிக்கண்ணனார் பாடுகிறார். அடிமரத்துக்கு அங்கே அவர் போடும் சொல் "முழுமுதல்". நாலடியார் இதே ஆலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது: கறையான் தின்ற ஆலை அதன் வீழ் ஊன்றித் தாங்குவது போல, தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான்.

இந்த இரண்டு இடங்களிலும் வீழ் என்பதை எடுத்துவிட்டு வேர் என்று போட்டுப் பாருங்கள். உவமை செத்துவிடும். பழைய மரத்தின் மேலிருந்தே பிறந்து, கீழே இறங்கி, பிறகு அந்த மரத்தையே தூக்கி நிறுத்துவது விழுது மட்டும்தான். வேர் முதலிலேயே இருந்தது, அது பிள்ளை ஆக முடியாது.

சமஸ்கிருதத்திலும் இதே பார்வை உண்டு. அமரகோசம் என்ற நிகண்டு வேருக்குச் சிபா, ஜடா என்று சொல்லிவிட்டு, கிளையில் இருந்து வரும் வேருக்கு மட்டும் "அவரோஹ" என்று தனிப்பெயர் தருகிறது. கீழே இறங்குவது என்பதுதான் அதற்கும் பொருள்.

ஏரடி:

தூர் பற்றி யாரும் சொல்லவில்லை. நெல்லில் தூர்கட்டும் பருவம் என்று உண்டு. நட்ட ஒரு நாற்றில் இருந்து பக்கத்தில் சிம்பு, அதாவது புதுத் தாள், வெடித்துக் குத்தாகப் பெருகுவதுதான் தூர்கட்டுவது. அப்போது தூர் என்று நாங்கள் கையால் பிடிப்பது வேரை இல்லை, வேரும் தாளும் சேருகிற அந்த அடியை. "தூரோடு பிடுங்கு" என்றால் மேலே இருந்து அறுத்து விடாமல் அடியைப் பிடித்து இழு என்று அர்த்தம். வேர் அதோடு வரும், ஆனால் தூர் வேறு, வேர் வேறு.

கார்முகில்:

அப்போ ஏரியில் தூர் வாருவது?

பழஞ்சொல்:

அது தூர்த்தல் என்ற வினையில் இருந்து வந்தது, நிரப்பி மேடாக்குவது. கிணற்றைத் தூர்த்தார்கள் என்கிறோமே, அதுதான். சேறு மண்டித் தூர்ந்து போனதை வாரி எடுப்பது தூர் வாருவது. செடியின் தூரோடு இதைக் கலக்க வேண்டாம்.

பசுங்கணு:

ஏரடி ஐயா சொன்னதற்கு ஒரு வணக்கம். இதைத் தாவரவியல் அப்படியே ஒப்புக்கொள்கிறது. நெல் போன்ற ஒருவிதையிலைத் தாவரங்களில் விதையில் இருந்து வரும் முளைவேர் நீண்ட நாள் தாங்காது. அது நின்ற பிறகு தண்டின் அடிக்கணுக்களில் இருந்து கொத்தாக வேர்கள் கிளம்பும், அதுதான் சல்லிவேர்த் தொகுப்பு. ஆக நெல்லில் வேரைப் பெறுவதே தூர்தான். அவரை, வேம்பு போன்ற இருவிதையிலைத் தாவரங்களில் கதை வேறு, முளைவேரே நீண்டு பருத்து ஆணிவேராகி மற்றதெல்லாம் அதன் பக்கத்தில் கிளைக்கும்.

வித்து அவர்களே, தூரைத் தனிப் பதிவாகப் போடுங்கள். இந்தப் பகுதிக்கு இவ்வளவு சுருக்கமான சொல் எங்கள் பாடநூல்களில் இல்லை.

இருமொழியாள்:

ஆணிவேர் என்ற சொல்லுக்கு இன்னொரு பெயர் தாய்வேர். மலையாளத்தில் தாய்வேர், கன்னடத்தில் தாயி பேரு, தெலுங்கில் தல்லிவேரு, தல்லி என்றால் தாய். நான்கு மொழிக்காரர்களும் தாயைத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆணி என்பது வடிவத்தைச் சொல்கிறது, தாய் என்பது மற்ற வேர்கள் எதிலிருந்து பிறந்தன என்பதைச் சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சொற்கோவை என்றால் இரண்டையும் கொடுங்கள், தாய்வேர் மறைந்து போகக் கூடாது என்று ஆசைப்படுகிறேன்.

எண்ணி:

கணக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சொல். மூலம். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று என்கிறோம், அந்த மூலம் வேர் என்ற பொருளில்தான் வந்தது. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே வர்க்கமூலம் காணும் வழி இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி அரபியில் தெரியாத எண்ணை "ஜத்ர்" என்றார், அதற்கும் செடியின் வேர் என்றே பொருள். அரபி நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் "ராடிக்ஸ்" என்று போட்டார்கள், லத்தீனில் வேர். மூன்று மொழிகளிலும் ஒரே படம்: எண் மேலே வளர்ந்து நிற்கிறது, அது எதிலிருந்து வளர்ந்ததோ அது வேர்.

பழஞ்சொல்:

நல்ல இடத்தில் தொட்டீர்கள். ராடிக்ஸ் என்பதில் இருந்துதான் முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் ராடிஷ். சமஸ்கிருத மூல என்பதில் இருந்து அதே முள்ளங்கிக்கு மூலக, அதிலிருந்து இந்தியில் மூலி. இரண்டு மொழிக் குடும்பக் கிளைகளும் தனித்தனியாக ஒரே காயைப் பிடித்து "வேர்" என்றே பெயர் வைத்துவிட்டன. விதையில் இருந்து முதலில் வரும் முளைவேரை ராடிகிள் என்கிறார்களே, அதற்கும் குட்டி ராடிக்ஸ் என்றுதான் பொருள். ஒழித்துக்கட்டுவதைச் சொல்லும் எராடிகேட் என்பது எழுத்துக்கு எழுத்து நம் "வேரறு".

மூலம் தமிழில் வேர் என்ற பொருளோடு வந்து இப்போது அந்தப் பொருளைக் கிட்டத்தட்ட இழந்துவிட்டது. மூலப்பொருள், மூலதனம், மூலநூல், மூலவர் என்று தொடக்கம் என்ற பொருளில்தான் வாழ்கிறது. "செடியின் மூலத்துக்குத் தண்ணீர் ஊற்று" என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு சொல்லில் மட்டும் பழைய வேர் ஒளிந்திருக்கிறது, மூலிகை. வேர் என்பதுதான் அதன் முதற்பொருள். மருந்துக்குத் தோண்டி எடுத்த வேரைக் குறித்த சொல் பிறகு இலை, பட்டை, பூ என்று மருந்துச் செடி முழுவதற்கும் ஆகிவிட்டது. துளசி இலையை மூலிகை என்று சொல்லும்போது நாம் அதை "வேர்" என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

"முதல்" என்பதும் இப்படித்தான் மேலே ஏறியது. மரத்தின் அடி, அடிமரம் என்ற பொருளில் சங்கப் பாட்டில் இருக்கிறது. இலக்கணத்தில் முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் சொல்கிறோம், சினை என்றால் கிளை. நம் இலக்கணமே ஒரு மரத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் இரண்டாம் பதிகத்தில் நான், எனது என்பவற்றை "வேர்முதல் மாய்த்து" என்கிறார். வேர், முதல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, அடியோடு அழித்துவிட்டு என்று. இரண்டும் ஒன்றே என்றால் இரண்டையும் வைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

பசுங்கணு:

நீரைக் காலால் குடிப்பது என்ற பொருளில் மரத்துக்குப் "பாதபம்" என்று ஒரு வடசொல் உண்டு என்று படித்த நினைவு. வேரைப் பாதமாகப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த படம், வகுப்பில் சொல்வேன். அது சரியா ஐயா?

பழஞ்சொல்:

சரிதான். பாத + ப, பாதத்தால் குடிப்பது. அமரகோசம் காலைக் குறிக்கும் பெயர்களை வேருக்கும் ஆக்கிச் சொல்கிறது. தமிழில் அது பாதவம் என்று வந்திருக்கிறது. நம் "அடி" என்ற சொல்லும் காலையும் மரத்தின் கீழ்ப்பகுதியையும் ஒன்றாகப் பிடிக்கிறதே.

மழைத்துளி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மொழிபெயர்ப்பு செய்கிறவள். மற்ற மொழிகளில் இருந்து நாம் வாங்கியதைப் பற்றி நிறைய வந்துவிட்டது, "வேர்" வெளியே போனது பற்றியும் எழுதியாக வேண்டும். வாசனைத் திரவியங்களில் உலகம் முழுக்க வெட்டிவர் என்கிறார்களே, அது நம் வெட்டிவேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தாவரவியல் பெயரே நீண்ட காலம் வெட்டிவேரியா என்றுதான் இருந்தது, இப்போது கிரைசோபோகன் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். வெட்டி எடுக்கும் வேர் என்று நமக்குப் பார்த்தவுடன் புரிகிற பெயர், அவர்களுக்கு உடைக்க முடியாத ஒரே சொல்.

பழஞ்சொல்:

இஞ்சியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த இழையை விட எனக்கு மனம் வராது.

ஆங்கில ஜிஞ்சர், லத்தீன் ஜிஞ்ஜிபர், கிரேக்கம் ஜிங்கிபெரிஸ். இவற்றுக்கு முன்னே பாலி மொழியில் "சிங்கிவேர". சமஸ்கிருதத்தில் "ச்ருங்கவேர", கொம்பு போன்ற உடல் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள், மானின் கொம்பு போல இருப்பதால். அந்தப் பொருள் பிறகு ஒட்ட வைத்தது என்பதுதான் இன்று சொல்லாய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் முடிவு. அடியில் இருப்பது திராவிடச் சொல், இஞ்சி + வேர். தமிழில் சொல்லின் முதலில் இருந்த ச மறைந்து இஞ்சி ஆவதற்கு முன்னால் இருந்த வடிவம் "சிங்கி" போன்றது, அதோடு வேர் சேர்ந்து கப்பல் ஏறியிருக்கிறது. ஜிஞ்சரின் கடைசி எழுத்தில் இன்றும் தேய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருப்பது நம் வேர்.

பசுங்கணு:

படிக்கும்போதே மெய்சிலிர்த்துவிட்டது ஐயா. ஆனால் பாருங்கள், இஞ்சி வேர் இல்லை! மேலே நானே தண்டு என்று எழுதியிருக்கிறேன். கணு இருக்கிறது, செதில் இலை இருக்கிறது, மொட்டு இருக்கிறது. உலகம் முழுக்கப் போன வேர் தாவரவியல்படி வேரே இல்லை.

வித்து:

இங்கேதான் எனக்கு மறுபடி தலை சுற்றுகிறது. இஞ்சிவேர் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சொன்னவர்கள் தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்வதா?

பழஞ்சொல்:

தவறு இல்லை அம்மா. அவர்களுக்கு வேர் என்றால் மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுக்கும் செடியின் பகுதி. கணுவை எண்ணிப் பார்த்துப் பிரிக்கும் தேவை அன்றைக்கு இல்லை. குறுந்தொகை 18இல் கபிலர் "வேர்க்கோட் பலவின்" என்கிறார், வேரில் காய்க்கும் பலா. பசுங்கணு ஆசிரியரைக் கேட்டால் என்ன சொல்வார்?

பசுங்கணு:

பலாவின் பூ அடிமரத்திலும் பருத்த கிளையிலும் நேரடியாக வெடித்து வரும். மண்ணை ஒட்டியும் காய்க்கும், சில சமயம் மண்ணுக்குள்ளேயே காய்த்து மேலே மண் வெடிப்பு விடும். பெரும்பாலும் அது அடிமரம், ஏரடி ஐயாவின் சொல்லில் தூர். ஆனால் கபிலரைத் திருத்த நான் வரவில்லை. அவர் பார்த்த உயரத்தில் அதற்கு வேர்தான் சரியான சொல்.

ஏரடி:

நாங்களும் வேர்ப்பலா என்றுதான் சொல்வோம். ஆனால் "வேருக்குத் தண்ணி வை" என்று சொல்லும்போது தூரில் ஊற்ற மாட்டோம், தள்ளிப் பாத்தி கட்டித்தான் விடுவோம். பெரிய மரத்துக்கு உறிஞ்சுகிற வேர் அடியில் இல்லை, தள்ளிப் படர்ந்திருக்கிறது என்று தெரியும். பேருக்கு ஒரு பொருள், வேலைக்கு ஒரு பொருள்.

வித்து:

ஏரடி ஐயா, கடைசி வரியில் என் மூன்று வாரச் சிக்கலை அவிழ்த்துவிட்டீர்கள். இப்போது எழுதியிருக்கும் பதிவு இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"வேர் (பொதுத் திராவிடச் சொல், மலையாளம் வேர், தெலுங்கு வேரு, கன்னடம், துளு பேரு). 1. தாவரவியலில்: கணுவும் இலையும் இல்லாத, நுனியில் வேர்மூடி உள்ள, செடியை நிலைநிறுத்தி நீரையும் உப்பையும் உறிஞ்சும் உறுப்பு. 2. பொது வழக்கில்: செடியின் மண்ணுக்குள் இருக்கும் பகுதி எதுவும், வேர்க்கடலை, வேர்ப்பலா என்ற பெயர்கள் இந்தப் பொருளில் வந்தவை. வியர்வையைக் குறிக்கும் வேர் வேறு சொல். ஒப்புநோக்குக: தூர், விழுது, கிழங்கு, மூலம், முதல்."

ஒத்த சொல் என்ற தலைப்பையே எடுத்துவிட்டு ஒப்புநோக்குக என்று போட்டிருக்கிறேன். ஐந்துக்கும் தனித்தனிப் பதிவு வரும். ஆணிவேருக்கு அருகில் தாய்வேர், இருமொழியாள் அவர்களின் ஆசைப்படி.

பசுங்கணு:

முதல் பொருளில் "பெரும்பாலும் மண்ணை நோக்கி வளரும்" என்று சேருங்கள். அலையாத்திக் காடுகளில் சுவாசவேர்கள் சேற்றில் இருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் "பெரும்பாலும்" என்ற சொல் விட்டுப் போகக் கூடாது. மற்றபடி எனக்கு முழுச் சம்மதம்.

பழஞ்சொல்:

விழுது பதிவில் "வீழ்" என்ற பழைய வடிவத்தையும் போட்டுவிடுங்கள். கடலை விழுதையும் இரண்டாம் பொருளாகச் சேருங்கள், அகராதிகளில் அதை நான் பார்த்ததில்லை, ஏரடி ஐயா சொல்லித்தான் தெரிந்தது.

ஏரடி:

சேர்த்தால் மகிழ்ச்சி. சிம்பு என்ற சொல்லுக்கும் ஒரு இடம் கொடுங்கள், தூர் பதிவில் அது இல்லாமல் முழுமையாகாது.

வித்து:

சேர்த்தாகிவிட்டது ஐயா. அடுத்து "தண்டு". தண்டு, தாள், கால், காம்பு, கழை, நாளம் இவ்வளவும் வரிசையில் நிற்கின்றன. தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.